சுமை குறைய விலை கூட வேண்டியதில்லை

காட்டில் நடந்து, காட்டிலேயே இரவு தங்குபவர்களுக்கான ஹேமக்கையும் (மரங்களுக்கு இடையே கட்டும் துணிப் படுக்கை) முதுகுப்பையையும் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது: எடை குறைய வேண்டுமானால் விலை கூடத்தான் செய்யும். இதற்குச் சான்றாகக் காட்டப்படும் வாசகம் அமெரிக்க மிதிவண்டி வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகரின் பெயரோடு வழங்கி வருகிறது. உறுதி, எடைக்குறைவு, மலிவு ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டுதான் ஒரு பொருளில் அமையும், மூன்றும் சேர்ந்து அமையாது என்பது அதன் சாரம். மிதிவண்டிப் பட்டறையில் பிறந்த இந்த விதி, மலையேற்றப் பொருள் விற்கும் கடைகளிலும் அவற்றை மதிப்பிடும் இதழ்களிலும் காணொளிகளிலும் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாக நிலைபெற்றுவிட்டது. இதை நம்பி, முதல்முறை காட்டுக்குப் போக நினைக்கும் மாணவரும் மாதச் சம்பளக்காரரும் சக்திக்கு மீறிச் செலவழிக்கிறார்கள், அல்லது போகும் எண்ணத்தையே கைவிடுகிறார்கள். இரண்டுமே தேவையற்ற இழப்பு.

தனி உறுப்பு ஒன்றுக்கு அந்த விதி பொருந்தும். சக்கரம் இல்லாமல் மிதிவண்டி ஓடாது. ஆகவே சக்கரத்தை இலேசாக்க, மேலான உலோகத்துக்குக் காசு கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதுகில் ஏறும் சுமையின் இயல்பு வேறு. அது பல பொருள்களின் கூட்டு. அவற்றில் சிலவற்றை விட்டுவிட்டே கிளம்பலாம். ஒரே பொருளை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று சிறுத்தால் அதைச் சுமக்கும் இன்னொன்றும் சிறுக்கும். இந்த மூன்று வழிகளிலும் எடை குறைகிறது, செலவும் குறைகிறது. உறுப்புக்கான விதியை மொத்தச் சுமைக்கும் நீட்டியதில்தான் பிழை நேர்ந்தது.

எடுத்துக்காட்டாக, மழைக்கு மேலே கட்டும் தார்ப்பாயைப் பார்க்கலாம். சிலிக்கான் பூசிய பாலியஸ்டர் துணியில் தைத்த தார்ப்பாய் ஏறக்குறைய 400 கிராம் இருக்கும்; அமெரிக்கச் சந்தையில் சுமார் 100 டாலர். அதே அளவு தார்ப்பாய் டைனீமா காம்போசிட் என்ற துணியில் 200 கிராமுக்குப் பக்கத்தில் வரும். விலை 300 டாலரைத் தொடும். கியூபன் என்ற பெயரில் பந்தயப் படகுகளின் பாய்களுக்காக உருவான துணி இது. 1992-இல் அமெரிக்கா கோப்பையை வென்ற படகால் பெயர் பெற்றது. ஆக, 200 கிராம் குறைக்க 200 டாலர், கிராமுக்கு ஒரு டாலர். இதோடு தண்ணீர்ப் புட்டியை ஒப்பிடலாம். கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு லிட்டர் புட்டி சுமார் 180 கிராம். கடையில் தண்ணீரோடு வாங்கும் மெல்லிய புட்டி 40 கிராம் அளவுதான். இப்படி இரண்டு புட்டிகளை மாற்றினாலே 280 கிராம் குறைகிறது. விலையுயர்ந்த தார்ப்பாய் தரும் பலனைவிட இது அதிகம், இதற்கு ஆகும் செலவோ ஒன்றுமில்லை. மாற்று உடையாக எடுத்துப்போகும் ஜீன்ஸை வீட்டில் விட்டால் இன்னும் அரைக் கிலோவுக்கு மேல் போகும். முதல் சில கிலோக்கள் இலவசமாகக் குறைகின்றன. கடைசிச் சில நூறு கிராம்களுக்குத்தான் பணம் கேட்கிறார்கள். கடைகளில் பேசப்படுவதெல்லாம் அந்தக் கடைசிச் சில நூறு கிராம்களைப் பற்றியே.

எடைகுறைந்த நடைபயணத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் கிழக்கே ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,500 கிலோமீட்டர் போகும் அப்பலாச்சியன் பாதையை 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது மூதாட்டி தனியாக நடந்து முடித்தார். பதினொரு பிள்ளைகளின் தாய். தோளில் அவரே தைத்த முரட்டுத் துணிப்பை, காலில் ரப்பர் அடிக் கேன்வாஸ் காலணி, மழைக்குக் குளியலறைத் திரை. வழியில் இருந்த மரக்கொட்டகைகளிலும் அன்புள்ளோர் வீடுகளிலும் அவர் தங்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லா இரவும் அந்தத் திரையை நம்பி அவர் படுக்கவில்லை. ஆனால் அவர் இலேசாக நடந்தது எதையும் வாங்கி அல்ல. பிறகு 1992-இல், அமெரிக்காவின் மேற்கே உள்ள பசிபிக் முகட்டுப் பாதைக்கான கையேட்டை வெளியிட்ட ரே ஜார்டின், கடைப் பைகள் தேவைக்கு மிஞ்சிய கனத்தோடு தைக்கப்படுகின்றன என்று வாதிட்டார். விண்வெளித் துறைப் பொறியாளராகவும் பாறை ஏற்றக்காரராகவும் இருந்த அவர், சட்டகமில்லாத பையையும் தார்ப்பாயையும் தாமே தைத்து, மனைவி ஜென்னியுடன் அந்த நெடும்பாதையை நடந்தார். இன்று விலையுயர்ந்த பொருள்களின் அடையாளமாகிவிட்ட இந்த இயக்கம் தையல் இயந்திரத்திலும் சிக்கனத்திலும் தொடங்கியது என்பதை அதை விற்பவர்கள் நினைவூட்டுவதில்லை.

இனி ஹேமக். மலிவான ஹேமக் கடற்கரையில் பொழுதுபோக்கத்தான் உதவும், இரவு முழுக்கத் தூங்க உதவாது என்பது பரவலான கருத்து. ஆனால் மெக்சிகோவின் யூகடான் பகுதியில் குடும்பம் குடும்பமாக மக்கள் பிறந்தது முதல் ஹேமக்கிலேயே உறங்குகிறார்கள். வடகிழக்கு பிரேசிலிலும் அப்படித்தான். பிரிட்டிஷ் கடற்படை 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மாலுமிகளைக் கேன்வாஸ் ஹேமக்கில் படுக்க வைத்தது. ஏழைகளும் கப்பலாட்களும் நூற்றாண்டுக் கணக்கில் தூங்கிய படுக்கை இது. மலிவான ஹேமக்கில் முதுகு வலிக்கிறது என்றால் காரணத்தை விலையில் தேடுவது வீண். அளவிலும் கட்டும் முறையிலும் தேட வேண்டும்.

அளவில் நீளமே முக்கியம். நீளவாக்கில் நேராகப் படுத்தால் உடல் வில்லாக வளையும். குறுக்கே, மூலைவாட்டில் படுத்தால் துணி விரிந்து முதுகு ஏறக்குறைய மட்டமாகிறது. யூகடான் மக்கள் படுக்கும் முறையும் அதுவே. மூலைவாட்டில் படுக்க நீளம் வேண்டும்: நடுத்தர உயரமுள்ளவருக்கு 3.3 மீட்டர். மலிவுச் சந்தையில் அதிகம் கிடைப்பவை 2.7 மீட்டர், முதுகுவலிப் புகார்களில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது. இருவர் படுக்கலாம் என்று விற்கப்படும் அகலமான வகையும் ஏமாற்றமே தரும். இருவரும் நடுவில் உருண்டு சேர்வார்கள். தனியாகப் படுத்தால் மிஞ்சிய துணி முகத்தில் புரளும். அந்தத் துணியையும் சுமக்க வேண்டும். வாங்குபவர் பெட்டியில் அச்சிட்ட கிலோத் தாங்குதிறனைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது நீளத்தை.

துணியின் கணக்கும் எளிது. 3.35 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள ஹேமக்குக்கு 5 சதுர மீட்டர் துணி. சதுர மீட்டருக்கு 55 கிராம் வரும் சாதாரண ரிப்ஸ்டாப் நைலானில் இது 275 கிராம். 35 கிராம் வரும் உயர்விலைத் துணியில் 175 கிராம். மிச்சம் 100 கிராம். அதற்கு ஈடாக மெலிந்த துணி, அதிக இழுவை, குறைந்த ஆயுள். ஹேமக் என்பது நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, இரு முனைகளிலும் கயிறு நுழைய இடம் விட்ட துணி, அவ்வளவே. நைலான் துணி கையில் இருந்தால் தெருமுனைத் தையல்காரர் அரை நாளில் முடித்துத் தரும் வேலை. சந்தையில் கிடைக்கும் நீளம் பொருந்தாதவர்களுக்கு இது சிக்கனமான வழி மட்டுமல்ல, மேலான வழியும்கூட.

எடை ஒளிந்திருக்கும் இடம் துணியைவிடக் கட்டுமானத்தில்தான். மலிவுப் பெட்டியில் இரும்புக் கொக்கிகள் இரண்டும் கனமான கயிறுகளும் வருகின்றன. இவற்றை எடுத்துவிட்டு, 25 மில்லிமீட்டர் அகலப் பாலியஸ்டர் நாடாவை மரத்தில் சுற்றி, ஹேமக் முனையில் உள்ள கயிற்று வளையத்தில் முடிச்சிட்டால் போதும். கட்டுமானம் முழுவதும் 150 கிராமுக்குள் அடங்கும். நைலான் நாடா ஈரத்தில் இழுபட்டு, விடிவதற்குள் படுத்தவரைத் தரைக்கு இறக்கிவிடும். பாலியஸ்டர் அப்படி நீளாது. மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தைக் காயப்படுத்துகிறது. அகல நாடா இல்லாமல் ஹேமக் கட்டக் கூடாது என்று பல பூங்காக்கள் விதித்திருப்பது அதனால்தான். மரத்துக்காக மட்டும் பார்த்தாலும் இந்தச் சிறு செலவைத் தவிர்க்கக் கூடாது.

கட்டும் கோணம் தெரியாமல் எந்த ஹேமக்கையும் குறை சொல்வது நியாயமில்லை. நாடா கிடைமட்டத்தோடு 30 பாகைச் சாய்வில் இருந்தால் 80 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ அளவு இழுவிசை விழும். விறைப்பாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டிச் சாய்வை 10 பாகைக்குக் கொண்டுவந்தால் அது 230 கிலோவாகிறது. 5 பாகையில் 459 கிலோ. அறுந்து விழுந்த மலிவு ஹேமக்குகளின் கதைகளில் பலவும் இந்த விறைப்பில் தொடங்கியவை. சாய்வை அளக்கக் கருவி வேண்டாம். கட்டைவிரலை மேலே நிமிர்த்தி, சுட்டுவிரலை முன்னே நீட்டி, இரு விரல் நுனிகளையும் இணைக்கும் கோட்டில் நாடா ஓடுகிறதா என்று பார்த்தால் 30 பாகை ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஹேமக்கின் இரு முனைகளுக்கு இடையே அதன் நீளத்தில் 83 விழுக்காடு வருமாறு ஒரு மெல்லிய கயிற்றை நிலையாகக் கட்டிவைப்பவர்களுக்கு அந்தச் சோதனையும் தேவைப்படாது. எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒரே அளவாக இருக்கும்.

மலிவுப் பொருள் அறுந்தால் உயிருக்கு ஆபத்து என்ற வாதம் இருப்பதில் வலுவானது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஹேமக்கின் அடிப்பகுதி நாற்காலி உயரத்துக்கு மேல் போகக் கூடாது, கீழே கல்லோ வேரோ இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் அறுந்து விழுவது வலியோடு முடியும். உயிரைப் பறித்திருப்பது வேறு. செங்கல் தூண்களில் ஹேமக் கட்டி, தூண் சரிந்து இறந்தவர்கள் உண்டு. பட்ட மரத்தில் கட்டியதும், முறியக் காத்திருக்கும் கிளைக்கு அடியில் படுத்ததும் உயிர் பறித்திருக்கின்றன. விலையுயர்ந்த ஹேமக் இவற்றில் எதையும் தடுக்காது. உயிருள்ள, கைப்பிடிக்கு அடங்காத பருமனுள்ள மரத்தைத் தேடும் கண்தான் தடுக்கும். மலிவில் விலக்க வேண்டியது ஒன்று உண்டு: தாங்குதிறன் குறிக்கப்படாத கொக்கி. அதை மேலே சொன்னபடி முடிச்சால் தவிர்த்துவிடலாம்.

ஹேமக்கை ஆதரிப்பவர்களிடமும் திருத்த வேண்டிய ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடாரத்தைவிட ஹேமக் இலேசு என்கிறார்கள். துணியை மட்டும் நிறுத்தினால் அப்படித் தோன்றும். ஹேமக் 275 கிராம், நாடாக்கள் 150, தார்ப்பாயும் கயிறும் முளைகளும் 500, கொசுவலை 200, குளிருக்கு அடியில் இடும் ஃபோம் பாய் 350 என்று கூட்டினால் ஒன்றரைக் கிலோவைத் தொடுகிறது. ஒருவர் தங்கும் இலேசான கூடாரமும் பாயும் சேர்ந்தாலும் இதே அளவுதான். ஹேமக்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எடை அல்ல. சரிவிலும் ஈர நிலத்திலும் படுக்க முடிவது, அட்டைகளிடமிருந்து தப்புவது, மூலைவாட்டில் நன்றாகத் தூங்குவது ஆகியவையே காரணம். மரமில்லாத உயர்மலைக்கு ஹேமக் உதவாது.

அந்தக் கூட்டலில் பலரும் விட்டுவிடுவது ஃபோம் பாயை. தரையில் படுத்தவருக்கு அடியிலிருந்து குளிர் மண் வழியாக ஏறுகிறது. ஹேமக்கில் படுத்தவருக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உடலின் கனத்தில் நசுங்கிப்போவதால் முதுகுப் பக்கம் அது காப்பதில்லை. வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போதே பெரும்பாலோருக்கு முதுகு குளிரத் தொடங்கிவிடும். உதகையிலோ கொடைக்கானலிலோ மார்கழி இரவில் வெறும் ஹேமக்கில் படுப்பவர் விடியும்வரை நடுங்குவார், அது எந்த விலைக்கு வாங்கியதாக இருந்தாலும். (தமிழ்நாட்டின் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவதே குற்றம், தனியார் தோட்டங்களிலும் அனுமதி பெற்ற முகாம்களிலும் மட்டுமே ஹேமக் கட்ட இடமுண்டு.) இந்தக் குளிருக்குக் கடைகள் சொல்லும் தீர்வு, ஹேமக்குக்கு அடியில் தொங்கும் இறகுப் போர்வை. நல்ல பொருள்தான், விலை ஹேமக்கைப் போலப் பல மடங்கு. மூடிய கண்ணறைகள் கொண்ட சாதாரண ஃபோம் பாய் மிதமான குளிருக்குப் போதும். சற்று நழுவும், தோள் பக்கம் அகலம் போதாது. இரண்டடுக்குத் துணியுள்ள ஹேமக்கில் அடுக்குகளுக்கு நடுவே செருகினால் நழுவாது. பழைய ஸ்லீப்பிங் பேக்கைப் பிரித்து, எலாஸ்டிக் கயிற்றால் ஹேமக்குக்கு அடியில் நசுங்காமல் தொங்கவிடுவதும் நல்ல பலன் தருகிறது.

இந்த ஃபோம் பாய் முதுகுப்பையின் கேள்வியையும் பாதி தீர்த்துவைக்கிறது. எடைகுறைந்த பைகளில் பலவற்றுக்கு உள்ளே சட்டகம் கிடையாது. சட்டகமில்லாத பை முதுகில் உருண்டு தொய்யும் என்பது அவற்றின் மீதான நியாயமான குறை. ஃபோம் பாயை மடித்து முதுகுப் பக்கமாகச் செருகினால், அல்லது சுருளாகப் பைக்குள் விரித்து நடுவே பொருள்களை அடுக்கினால், அதுவே சட்டகமாகிறது. பகலில் பையின் முதுகெலும்பு, இரவில் படுக்கையின் காப்பு. பணத்தால் வாங்க முடியாத எடைக்குறைப்பு இது.

பையைப் பொறுத்தவரை வழக்கத்தில் உள்ள வரிசையே தலைகீழ். கடைக்குள் நுழைபவருக்கு முதலில் காட்டப்படுவது 65 அல்லது 70 லிட்டர் பை, சுமார் 2 கிலோ எடையில். இடமிருந்தால் பயன்படும் என்கிறார்கள். இடமிருந்தால் நிரப்பப்படும் என்பதே நடப்பு. பையைக் கடைசியில் வாங்க வேண்டும். எடுத்துப்போகும் எல்லாவற்றையும், நான்கு நாள் உணவு உட்பட, ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் தேவையான லிட்டர் தெரிந்துவிடும். 45, 30, 30 என்று வந்தால் 40 லிட்டர் போதும். உறைபனி இல்லாத பருவத்தில், மேலே சொன்ன ஹேமக் தொகுதியோடு நடப்பவர் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்ட மாட்டார்.

அடுத்து முதுகின் நீளம். ஆளின் உயரத்தை வைத்துப் பை வாங்குவது தவறு. ஒரே உயரமுள்ள இருவரின் முதுகு நீளம் வேறுபடும். தலையைக் குனியும்போது கழுத்தடியில் புடைக்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளை இணைக்கும் கோடு வரை உள்ள தூரமே பையின் அளவைத் தீர்மானிக்கிறது. இடுப்புப் பட்டை அந்த எலும்பின் மேல் உட்கார்ந்தால் சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கும். வயிற்றின் மேல் உட்கார்ந்தால் எல்லாம் தோளுக்குப் போகும். பொருந்தாத 500 கிராம் பையைவிடப் பொருந்திய ஒன்றேகால் கிலோப் பை முதுகுக்கு இலேசாகப் படும். பையின் எடையை மட்டும் ஒப்பிட்டுப் பட்டியலிடும் மதிப்பீடுகள் வாங்குபவரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்வது இதனால்தான்.

சட்டகமில்லாத பைக்கு எல்லை உண்டு: உணவும் தண்ணீரும் சேர்த்து 9 கிலோவுக்கு மேல் அது முதுகை வருத்தும். பொருள்களைக் குறைக்காமல் முதலில் இலேசான பையை வாங்குபவர்கள் இந்த எல்லையில் அடிபட்டு, இலேசுப் பைகளே மோசம் என்று முடிவுகட்டுகிறார்கள். 12 கிலோ சுமப்பவருக்குச் சட்டகமும் நல்ல இடுப்புப் பட்டையும் உள்ள நடுத்தர விலைப் பைதான் ஏற்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதையும் இலேசாக்கலாம். மேல்மூடி கழற்றக்கூடியதென்றால் கழற்றிவிடலாம். மழையுறையை வீட்டில் விட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பையை உள்ளே விரித்துப் பொருள்களை அதற்குள் அடுக்கலாம். வெளியுறை காற்றில் பறக்கிறது, முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை. உள்பை சில பத்து கிராமில் எல்லாவற்றையும் உலர்வாக வைக்கிறது. 210 டெனியர் (இழையின் பருமனைக் குறிக்கும் அளவு) நைலான் பை பல ஆண்டுகள் உழைக்கும். டைனீமா காம்போசிட்டின் மெல்லிய வகை பாறையில் உரசினால் சீக்கிரம் தேயும். விலை கூடியதால் ஆயுள் கூடும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது.

மலிவில் வாங்கினால் இருமுறை வாங்க நேரும் என்ற எச்சரிக்கை இன்னும் மீதி இருக்கிறது. முதல் ஹேமக்கை, முதல் பையை வாங்குபவருக்குத் தம் தேவை என்னவென்று தெரியாது. சில இரவுகள் வெளியில் படுத்த பிறகுதான் தெரியும். தெரியாத நிலையில் 400 டாலருக்கு வாங்கியவரும் பிறகு மாற்றத்தான் செய்கிறார். அவருடைய இழப்பு பெரிது. 25 டாலர் ஹேமக்கில் பழகியவர் தமக்கு எவ்வளவு நீளம் வேண்டும், குளிர் எங்கே பிடிக்கிறது, கொசுவலை தேவையா என்று கற்றுக்கொண்டு அடுத்ததை வாங்குகிறார். பழையது நண்பருக்கோ தம்பிக்கோ பயன்படுகிறது.

பான்ட்ரேகர் விதி முழுமையாகச் செல்லுபடியாகும் ஓர் இடம் உண்டு: உறைநிலைக்குக் கீழான குளிர். அங்கே ஃபோம் பாய் ஒன்று போதாது; இரண்டு போட்டால் பையில் அடங்காது. ஒரே வெப்பத்துக்குச் செயற்கை இழைப் போர்வையைவிட நல்ல வாத்திறகுப் போர்வை மிகவும் இலேசு, மிகச் சிறிதாகவும் சுருங்கும். அதற்கு மாற்றாக எதையும் விட்டுச்செல்ல முடியாது, வேறெதையும் அந்த வேலைக்கு வைக்கவும் முடியாது. மற்ற இடங்களில் மிச்சம் பிடித்த பணத்தை அங்கே செலவிடலாம். ஆனால் இறகு நனைந்தால் உப்பலை இழந்து காப்பதை நிறுத்திவிடும். நாள் கணக்கில் மழையும் மூடுபனியும் நிற்கும் சோலைக்காடுகளில், நனைந்த பிறகும் ஓரளவு வெப்பம் தரும் செயற்கை இழைப் போர்வையே ஏற்றது. விலை குறைந்ததும் அதுதான்.